டபுள் பேஸை நம்பிப் பிழைப்பது: ஜாஸ் மேடைக்கும் ரெக்கார்டிங் அறைக்கும் ஒரு வழிகாட்டி

ஜாஸ் குழுவில் டபுள் பேஸ் (வயலின் வடிவில் ஆளுயரத்துக்கு இருக்கும், கீழ் ஸ்தாயித் தந்திக் கருவி) வாசிப்பவரை எதற்காகக் கூப்பிடுகிறார்கள் என்பதை முதலிலேயே தெரிந்துகொண்டால் பல வருட அலைச்சல் மிச்சமாகும். பாடகருக்குத் தாளம் எங்கே விழும் என்ற சந்தேகம் வரக்கூடாது. டிரம்மர் தனியாகத் தாளத்தைச் சுமக்கிற நிலை இருக்கக்கூடாது. பியானோ வாசிப்பவர் இடது கையை நிம்மதியாக எடுத்துவிட முடிய வேண்டும். உங்களால் இதெல்லாம் நடக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். ஜாஸ் பேஸ் கலைஞர் ரான் கார்ட்டர் 2,221 இசைப்பதிவுகளில் வாசித்திருக்கிறார் என்று 2015-இல் கின்னஸ் பதிவு செய்தது. அத்தனை பேர் அவரைத் திரும்பத் திரும்ப அழைத்ததற்கு அவருடைய சோலோக்கள் மட்டும் காரணமாக இருக்க முடியாது. கூட வாசிப்பவர்களுக்கு அவர் தரும் நிம்மதிதான் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். கீழே சொல்லப்போகிற ஒவ்வொரு படியும் அந்த நிம்மதியை எப்படித் தருவது என்பதைப் பற்றியதுதான்.

கருவியைத் தேர்ந்தெடுப்பது

எடுத்தவுடன் வாங்க வேண்டாம். முடிந்தால் ஆறு மாதமாவது வாடகைக்கு எடுத்து வாசியுங்கள். உங்கள் கைக்கும் உயரத்துக்கும் எது ஒத்துவரும் என்பது வாசிக்காமல் தெரியாது. பெரியவர்கள் வாசிப்பது பெரும்பாலும் முக்கால் அளவுக் கருவிதான். அதில் தந்தியின் அதிரும் நீளம் சுமார் 105 செ.மீ. முழு அளவுக் கருவி ஆர்கெஸ்ட்ராக்களிலேயே அரிது, அதனால் 'சின்னது வாங்கிவிட்டோமோ' என்ற கவலை வேண்டாம்.

முதல் கருவிக்கு ஒட்டுப்பலகை பேஸ் போதும். முழுக்கச் செதுக்கிய மரத்தில் நாதம் விரிவாக இருக்கும், ஆனால் காற்றின் ஈரப்பதம் மாறினால் மேல்பலகை வெடிக்கும். ஒட்டுப்பலகை அந்த விஷயத்தில் உறுதியானது, இடிபட்டாலும் தாங்கும், மேடையில் ஒலிபெருக்கியோடு வாசிக்கும்போது ஊளைச் சத்தமும் குறைவு. மேல்பலகை மட்டும் செதுக்கியதாகவும் மற்றவை ஒட்டுப்பலகையாகவும் இருக்கும் கலப்புக் கருவி நல்ல நடுவழி. எதுவானாலும் அறையின் ஈரப்பதம் 40-லிருந்து 60 சதவீதத்துக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்குகிற பணத்தில் ஒரு பங்கை செட்டப் செய்வதற்கென்றே ஒதுக்கி வையுங்கள். கைதேர்ந்த ஒரு கைவினைஞரிடம் கொடுத்துக் குதிரையை (தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு) சரியாகச் செதுக்கி, உயரத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகு வைத்துக்கொண்டால், அதே கருவி வேறு கருவியாகிவிடும். விரல்பலகையின் முனையில் மெல்லிய ஜி தந்தி 5–6 மி.மீ., தடித்த இ தந்தி 8–9 மி.மீ. உயரத்தில் இருப்பது ஜாஸ் வாசிப்பவர்களிடம் பரவலாகக் காணப்படும் அளவு. இதற்கு மேல் போனால் ஆரம்பத்தில் கை தாங்காது.

தந்தி மாற்றும்போது ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். குதிரையும், உள்ளே நிற்கும் சவுண்ட்போஸ்ட் என்ற சின்ன மரத்தூணும் பசையால் ஒட்டப்பட்டவை அல்ல, தந்திகளின் இழுவிசையில்தான் நிற்கின்றன. நான்கையும் ஒரேயடியாகக் கழற்றினால் தூண் விழுந்துவிடலாம். விழுந்துவிட்டால் உடனே தந்திகளைத் தளர்த்திவிட்டுக் கைவினைஞரிடம் கொண்டுபோங்கள். தூண் இல்லாமல் முழு இழுவிசையில் விட்டால் மேல்பலகை அமிழ்ந்துபோகும்.

கை பழகுவது

இந்தக் கருவிக்கு ஆசிரியர் வேண்டும். கிட்டாரைத் தானே கற்றுக்கொண்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பேஸில் தவறான நிலையில் பழகினால் மணிக்கட்டும் தோளும் கெட்டுப்போகும், பிறகு மாற்றுவது பெரும்பாடு. ஆசிரியர் ஜாஸ்காரராக இல்லாமல் ஆர்கெஸ்ட்ராக்காரராக இருந்தாலும் பரவாயில்லை, முதல் ஒரு வருடத்துக்கு அது நல்லது என்றுகூடச் சொல்வேன்.

கீழ்நிலைகளில் இடது கையின் ஆள்காட்டி, நடு, சுண்டு விரல்களால்தான் அழுத்துவோம். மோதிர விரல் சுண்டு விரலுக்குத் துணை. தந்தியின் தொடக்கத்தில் ஒரு முழுச் சுர இடைவெளியே 11 செ.மீ. வரும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. கட்டை விரலால் கழுத்தை நெரிக்காமல், கை முழுவதன் எடையைத் தந்தியில் தொங்கவிட்டு அழுத்தப் பழகுங்கள். வலது கையில் விரல் நுனியைவிட ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுச் சதை அதிகம் படும்படி, விரல்பலகை முடிகிற இடத்துக்குக் கிட்டே இழுக்க வேண்டும். அங்கேதான் ஒலி தடிமனாக வரும்.

கிட்டாரில் இருப்பதுபோல விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் பட்டி (ஃப்ரெட்) பேஸில் கிடையாது. சுருதி முழுக்க உங்கள் காதையும் விரலையும் பொறுத்தது. தினமும் 20 நிமிடமாவது வில்லால் வாசியுங்கள், ஜாஸ்காரருக்கு வில் எதற்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். விரலால் மீட்டும் ஒலி சீக்கிரம் அடங்கிவிடும், சுருதி கொஞ்சம் விலகியிருந்தால் காதுக்குத் தப்பிவிடும். வில்லில் அப்படித் தப்ப முடியாது. ஒரு ஆதார சுருதியை ஓடவிட்டு அதன் மேல் மெதுவாக ஸ்கேல் வாசியுங்கள். விலகல் இருந்தால் அலையடிப்பது கேட்கும், அலை நின்றால் சேர்ந்துவிட்டது என்று பொருள். டியூனர் முள்ளைப் பார்த்துத் திருத்துவதைவிட இது சீக்கிரம் காதைப் பழக்கும். பின்னால் ரெக்கார்டிங்கில் வில் வாசிக்கத் தெரிந்தவருக்கு வேலையும் கூடுதலாக வரும்.

கொப்புளம் வந்தால் ஓரிரு நாள் ஓய்வு கொடுங்கள். தோல் தானாக இறுகும். தசைநாரில் வரும் வலி வேறு விஷயம்: அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்ட நினைக்காதீர்கள், வாசிப்பை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

நான்கு அடிகள்

இனி வருவதுதான் முக்கியம். நீங்கள் வாழ்நாள் முழுக்க வாசிக்கப்போவது பெரும்பாலும் பாருக்கு (நான்கு அடி கொண்ட ஒரு தாளச் சுற்றுக்கு) நான்கு நோட்டு. வாக்கிங் பேஸ் என்று சொல்வது இதைத்தான். கேட்க எளிது. ஆனால் ஒருவர் இதை வாசிக்கும்போது உடம்பு தானாக ஆடுகிறது, இன்னொருவர் அதே நோட்டுகளை வாசித்தால் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கத் தோன்றுகிறது. வித்தியாசம் பெரும்பாலும் நோட்டின் நீளத்தில் இருக்கிறது. ஒவ்வொரு நோட்டும் அடுத்த நோட்டு தொடங்கும்வரை ஒலிக்க வேண்டும். இடது விரலைச் சீக்கிரம் தூக்கிவிட்டால் இடையிடையே ஓட்டை விழும், தாளம் சரியாக இருந்தாலும் நடை நொண்டும். ஆரம்பப் பயிற்சியாக, மிக மெதுவாக நான்கு நோட்டுகளை வாசித்து, நடுவில் துளி மௌனம்கூட விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது காலப்பிரமாணம். மெட்ரோனோமை 40-இல் வைத்து, அது அடிப்பதை இரண்டாவது, நான்காவது அடிகளாக எண்ணி 80 வேகத்தில் வாசியுங்கள். டிரம்மர் காலால் இயக்கும் ஜோடிச் சிம்பலான ஹை-ஹேட் மூடுவது அந்த இடங்களில்தான். அது இயல்பாக வந்துவிட்டால் மெட்ரோனோமை 20-க்குக் குறைத்து, நான்காவது அடி மட்டும் கேட்கும்படி அதே வேகத்தில் வாசியுங்கள். நடுவில் இருக்கும் மூன்று அடிகளுக்கு நீங்களே பொறுப்பு. ஓடுகிறீர்களா, இழுக்கிறீர்களா என்பது உடனே தெரிந்துவிடும். இதைப் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். வாசிக்கும்போது சரியாக இருந்ததாகத் தோன்றியது மறுநாள் வேறு மாதிரிக் கேட்கும்.

எந்த நோட்டை வாசிப்பது? முதல் அடியில் கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் தொகுதி) மூல சுரம். அடுத்த இரண்டு அடிகளில் பெரும்பாலும் கார்டில் உள்ள மற்ற சுரங்கள். நான்காவது அடியில், வரப்போகும் கார்டின் மூல சுரத்துக்கு அரைச் சுரம் மேலே அல்லது கீழே. எஃப் ப்ளூஸில் முதல் பாருக்கு எஃப், ஏ, சி, பி என்று வாசித்தால் அடுத்த பாரின் பி ஃபிளாட்டில் தானாக வந்து இறங்குவீர்கள். அங்கிருந்து பி ஃபிளாட், ஏ ஃபிளாட், ஜி, ஜி ஃபிளாட் என்று இறங்கினால் மறுபடி எஃப் வந்துவிடும். இந்த ஒரே உத்தியை வைத்துக்கொண்டு எல்லா சுருதியிலும் 12 பார் ப்ளூஸ் வாசிக்கிற அளவுக்கு வந்துவிட்டால், கூட வாசிக்க ஆள் தேடத் தொடங்கலாம். பிறகு நீங்களே மூல சுரத்தைத் தவிர்த்துத் தொடங்கவும், ஒரே நோட்டில் நின்று இறுக்கத்தை ஏற்றவும் கற்றுக்கொள்வீர்கள். மேதாவித்தனமான நோட்டுகளைத் தேடி முதல் அடியை மங்கலாக்கிவிடாதீர்கள். மேலே வாசிப்பவருக்குத் தரை எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

இதைக் கேட்டுத்தான் பிடிக்க முடியும், படித்துப் பிடிக்க முடியாது. ஜிம்மி பிளாண்டன் 1939-இல் டியூக் எலிங்டன் குழுவில் சேர்ந்தவர், 1942-இல் 23 வயதிலேயே இறந்துபோனார். அந்தக் குறைந்த காலத்துக்குள் பேஸால் என்னவெல்லாம் பேச முடியும் என்று காட்டிவிட்டுப் போனார். அவருக்கு அப்புறம் ரே பிரவுன், பால் சேம்பர்ஸ், சார்லஸ் மிங்கஸ், சார்லி ஹேடன் என்று கேட்டுக்கொண்டே வாருங்கள். பால் சேம்பர்ஸின் இரண்டு சுற்று வாக்கிங்கை எடுத்து, கருவியைத் தொடும் முன் வாயால் பாடுங்கள். பாட வந்தபிறகு வாசியுங்கள், கடைசியாக எழுதிவையுங்கள். ஹேடனிடம் எத்தனை குறைவான நோட்டில் ஒரு பாட்டைத் தாங்க முடியும் என்பதைக் கவனியுங்கள். எனக்கு அவரை எத்தனை முறை கேட்டாலும் அலுக்காது.

பாட்டுகளை மனப்பாடம் செய்வது

ஐம்பது பாட்டுகள் தாளைப் பார்க்காமல் தெரிந்திருக்க வேண்டும். ஜாஸில் புழங்கும் பழைய பாடல்கள் பெரும்பாலும் 32 பார்தான், ஒரே மாதிரியான கார்டு நகர்வுகள் திரும்பத் திரும்ப வரும். அதனால் முதல் பத்துப் பாட்டுக்குப் பட்ட பாடு அடுத்த நாற்பதுக்கு இருக்காது. கார்டுகளைப் பெயரால் மட்டும் மனப்பாடம் செய்யாமல் இரண்டாவது, ஐந்தாவது, முதலாவது என்று எண்களாகவும் பிடித்துக்கொள்ளுங்கள். பாடகர் வந்து "இன்னிக்கு ஒரு சுருதி இறக்கிப் பாடலாமா?" என்று கேட்டால் எண்கள் கைகொடுக்கும். மெட்டையும் வரிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். சோலோ வாசிப்பவர் வழி தவறினால் அவரைத் திரும்பக் கூட்டிவருவது பெரும்பாலும் பேஸ்தான், மெட்டு உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தால்தான் அது முடியும்.

வெளியே போய் வாசிப்பது

ஜாம் செஷன்களில் (யாரும் வந்து சேர்ந்து வாசிக்கும் கூடல்கள்) சாக்ஸபோன்காரர் பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள், பேஸ் வாசிப்பவர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். தொடக்கநிலையில் இருப்பவருக்குக்கூட ஒரே இரவில் நிறைய வாசிக்கக் கிடைக்கும். டிரம்மர் தாளத்தை ஓட்டும் ரைடு சிம்பல் தெளிவாகக் கேட்கும் இடத்தில் நின்றுகொள்ளுங்கள். உங்கள் நோட்டும் அந்தச் சிம்பல் அடியும் ஒன்றாக விழுகிறதா என்பதை மட்டும் கவனித்தால் முதல் சில மாதங்களுக்குப் போதும். அங்கே இருக்கும் கருவி வேறொருவருடையது என்றால் கேட்டுவிட்டுத் தொடுங்கள், குதிரை உயரத்தை மாற்றாதீர்கள். தெரியாத பாட்டு என்றால் தெரியாது என்று சொல்லி ஒதுங்கிவிடுங்கள். அதை யாரும் குறையாக நினைப்பதில்லை, தடவித் தடவி வாசித்துப் பாட்டைக் கெடுத்தால்தான் நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

ஒலிபெருக்கிக்குப் பிக்கப் (கருவியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் சின்னக் கருவி) வேண்டும். பியஸோ வகைப் பிக்கப்பை நேராகச் சாதாரண ஆம்ப்ளிஃபையரில் செருகினால் ஒலி தகரம்போல வரும், அதற்கேற்ற உள்ளீட்டு மின்மறுப்பு உள்ள பிரீஆம்ப் இடையில் இருக்க வேண்டும். கூடவே ஒரு ஹை-பாஸ் ஃபில்டர். இ தந்தியே 41 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது, அதற்குக் கீழே வருவது வெறும் குமுறல், வெட்டிவிடலாம்.

ரெக்கார்டிங் அறை

ஜாஸ் மேடையிலிருந்து ஸ்டூடியோவுக்குப் போவது பழைய பாதை. மில்ட் ஹின்டன் பல வருடங்கள் கேப் கேலவே குழுவில் வாசித்துவிட்டு, பிறகு நியூயார்க் ஸ்டூடியோக்களில் எண்ணற்ற பதிவுகளுக்கு வாசித்தார். ரே பிரவுன் ஆஸ்கர் பீட்டர்சன் குழுவை 1966-இல் விட்டபின் லாஸ் ஏஞ்சலஸில் ஸ்டூடியோ வேலைக்கு வந்தார். நான்சி சினாட்ரா பாடி 1966-இல் உலகெங்கும் ஓடிய பாட்டில், தொடக்கத்தில் வழுக்கிக்கொண்டே இறங்கும் அந்த பேஸ் ஒலி சக் பெர்கோஃபர் டபுள் பேஸில் வாசித்தது. அவரும் ஜாஸ்காரர்தான்.

முதல் வாய்ப்புகள் நண்பர்களின் டெமோக்களில் வரும். அங்கே இருக்கும் சவுண்ட் இன்ஜினீயர் உங்களைக் கவனிப்பார், அடுத்த கால்ஷீட்டுக்கு யாரைக் கூப்பிடலாம் என்று யாராவது கேட்டால் உங்கள் பெயரைச் சொல்வார். பெரும்பாலும் இப்படித்தான் நுழைகிறார்கள். ஸ்டூடியோக்களுக்கு அறிமுகக் கடிதம் அனுப்புவதைவிட, ஒரு இன்ஜினீயரின் வேலையை எளிதாக்கிக் கொடுப்பது அதிகப் பலன் தரும்.

அவர்களுக்கு என்ன வேண்டும்? முதலில் நோட்டேஷன் வாசிக்க வேண்டும். தினமும் பத்து நிமிடம், இதுவரை பார்க்காத ஏதாவது ஒரு தாளை எடுத்து நிறுத்தாமல் வாசியுங்கள். பேஸ் நோட்டேஷன் எழுதியிருப்பதைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், எழுதுகிறவர்களில் சிலருக்குத் தெரியாது, சந்தேகம் வந்தால் கேளுங்கள். தாள் கையில் வந்ததும் நோட்டுகளைப் பார்க்குமுன் பாதையைப் பாருங்கள்: எங்கே திரும்ப வேண்டும், எங்கே தாவ வேண்டும், சுருதி எங்கே மாறுகிறது. பென்சில் கட்டாயம். கார்டு பெயரில் சி என்று எழுதி, சாய்கோடு போட்டு இ என்று இருந்தால் நீங்கள் வாசிக்க வேண்டியது இ. ஜாஸ் பழக்கத்தில் சி வாசித்துவிட்டால் இசையமைப்பாளர் யோசித்து வைத்த நிறமே போய்விடும்.

ஒலி விஷயத்தில் ஸ்டூடியோ மைக் இரக்கம் காட்டாது. கிறீச்சிடும் ஸ்டூல், சட்டைப் பொத்தான் கருவியின் முதுகில் உரசுவது, கைக்கடிகாரம், மூச்சு எல்லாம் பதிவாகும். ஹெட்ஃபோனில் தாளம் காட்டும் கிளிக் சத்தத்தை அதிகம் வைத்தால் அது வெளியே ஒழுகி மைக்கில் ஏறும், மெதுவான பாட்டின் முடிவில் அசிங்கமாகக் கேட்கும். கடைசி நோட்டு முழுக்க அடங்கி, இன்ஜினீயர் குரல் கொடுக்கும்வரை அசையாதீர்கள். மைக்கை எங்கே வைப்பது என்று உங்களிடம் கேட்டால், குதிரைக்குக் கொஞ்சம் மேலே, 20–30 செ.மீ. தள்ளி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எஃப் வடிவத் துளைக்கு நேராக வைத்தால் பெரும்பாலும் குமுறும்.

தவறு செய்தால் டேக் (ஒரு முறை ஓடும் பதிவு) முடியும்வரை காத்திருந்து, "41-ஆவது பாரில் என் நோட்டு தப்பு, அதை மட்டும் திருத்திடலாமா?" என்று சொல்லுங்கள். முகத்தைச் சுளிப்பதும், நடுவில் நிறுத்துவதும் மற்றவர்களின் நல்ல டேக்கைக் கெடுக்கும். டேக்குகளுக்கு இடையில் சாதகம் செய்யாதீர்கள், அந்த நேரத்தில் அடுத்த அறையில் பேச்சு நடந்துகொண்டிருக்கும்.

எலக்ட்ரிக் பேஸும் கற்றுக்கொள்ளுங்கள். 1972-இல் லூ ரீட் பாடிய ஒரு பாட்டுக்கு ஹெர்பி ஃபிளவர்ஸ் முதலில் டபுள் பேஸில் வாசித்தார், பிறகு அதன் மேலேயே எலக்ட்ரிக் பேஸிலும் ஒரு வரியை வாசித்துச் சேர்த்தார். இரண்டாவது கருவிக்கென்று தனிச் சம்பளம் கிடைக்கும் என்பதும் ஒரு காரணம் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த இரட்டை பேஸ்தான் பாட்டின் அடையாளமாகிவிட்டது. இரண்டாவது கருவிக்குக் கூடுதல் தொகை கேட்பது பல நாடுகளின் இசைக்கலைஞர் சங்க விதிகளில் உள்ள வழக்கம், கூச்சப்பட வேண்டியதில்லை.

வீட்டிலிருந்தே பதிவு செய்து அனுப்பும் வேலைகளும் இப்போது நிறைய வருகின்றன. மைக்கையும் பிக்கப்பையும் தனித்தனி டிராக்காக, எஃபெக்ட் எதுவும் இல்லாமல், பாட்டின் ஆரம்பப் புள்ளியிலிருந்தே தொடங்கும் வேவ் ஃபைலாக அனுப்புங்கள். எத்தனை முறை திருத்தம் செய்து தருவீர்கள் என்பதை வேலையை ஏற்கும்போதே பேசிவிடுங்கள்.

பணமும் பேச்சும்

ஜாஸ் மேடையை மட்டும் நம்பி வருடம் முழுக்க ஒரே சீரான வருமானம் பார்ப்பவர்கள் குறைவு. பெரும்பாலோர் பாடம் சொல்லிக் கொடுக்கிறார்கள், நாடக அரங்கில் வாசிக்கிறார்கள், விருந்து நிகழ்ச்சிகளுக்குப் போகிறார்கள், நடுநடுவே ரெக்கார்டிங். இதில் எதையும் தாழ்வாக நினைக்காதீர்கள். விருந்து நிகழ்ச்சியில் கூட வாசித்த டிரம்மர்தான் பிறகு உங்களை நல்ல குழுவுக்குக் கூட்டிப்போவார்.

ஒரு நிகழ்ச்சியை ஒப்புக்கொள்ளும் முன் தேதி, ஒலிச்சோதனை நேரம், முடியும் நேரம், தொகை, எப்போது தருவார்கள், உடை என்ன என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். லிஃப்ட் இருக்கிறதா என்றும் கேளுங்கள், மூன்று மாடி ஏறியபின் கை நடுங்கிக்கொண்டு முதல் பாட்டை வாசிக்க நேரும். விமானப் பயணம் என்றால் அங்கேயே கருவி ஏற்பாடு செய்யும்படி ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள், உங்கள் பிக்கப்பையும் பழகிய தந்திகளையும் மட்டும் எடுத்துப்போகலாம். சொந்தக் கருவிக்குக் காப்பீடு எடுங்கள்.

உங்களால் போக முடியாத நாளில் மாற்று ஆளை அனுப்புவது சகஜம், ஆனால் குழுத்தலைவரிடம் கேட்காமல் அனுப்பாதீர்கள். உங்களைவிட நன்றாக வாசிப்பவரையே அனுப்புங்கள். வாய்ப்பு பறிபோய்விடுமோ என்று பயந்து சுமாரானவரை அனுப்பினால் அந்த இரவின் கெட்ட பெயர் உங்கள் கணக்கில்தான் ஏறும். நீங்கள் மாற்று ஆளாகப் போனால் அந்த இடம் இன்னொருவருடையது, அங்கே உங்கள் எண்ணை விநியோகிக்க வேண்டாம்.

கடைசியாக ஒரு குறிப்பேடு. எந்தத் தேதியில், எந்தப் பாடகருக்கு, எந்தப் பாட்டுக்கு, எந்தக் கருவியில் வாசித்தீர்கள் என்று ஒவ்வொரு கால்ஷீட்டையும் அன்றைக்கே எழுதுங்கள். பல நாடுகளில் பதிவு ஒலிபரப்பாகும்போது பக்கவாத்தியம் வாசித்தவருக்கும் ஒரு பங்கு உண்டு. பிரிட்டனில் பிபிஎல் என்ற அமைப்பு இதை வசூலித்துத் தருகிறது. நீங்கள் வாசித்தீர்கள் என்பது பதிவாகியிருந்தால்தான் அந்தப் பணம் உங்களைத் தேடி வரும். கால்ஷீட் முடிந்து கருவியை உறையில் போடுவதற்குள் தயாரிப்பாளரிடம் கேட்டு, கலைஞர் பட்டியலில் உங்கள் பெயர் சரியான எழுத்துகளில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.